பர்கூர் மலை மேய்ச்சல் மனு: பாட்டிகளின் சாட்சியை எப்படிச் சேர்ப்பது?

வணக்கம். அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் மாடு வளர்க்கும் பெண்கள் சிலருக்கு, 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக மேய்ச்சல் உரிமை கேட்டு மனு எழுத உதவுகிறேன். பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள் என்பதால் 13.12.2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டும். பழைய மேய்ச்சல் ரசீதெல்லாம் ஆண்கள் பெயரில்தான். ஆனால் எந்த ஓடை கோடையில் வற்றாது, களையாகப் பரவும் உண்ணிச்செடி எந்தச் சரிவை மூடியது, மாட்டுப் பட்டி முன்பு எங்கே இருந்தது என்று கேட்டால் பாட்டிகள்தான் சொல்கிறார்கள். (எனக்கு ஒரே மாதிரி தெரியும், செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுள்ள செம்மறை மாடுகளை அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது தனிக்கதை.)

மனுதாரர் அல்லாத முதியோரின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுக்கலாம் என்று விதி சொல்கிறது. ஊரே சேர்ந்து மனு போடும்போது யார் "மனுதாரர் அல்லாதவர்"? பக்கத்து ஊர்ப் பாட்டிகள் போதுமா? அலுவலகத்தில் கேட்டால் "ஆவணம் கொண்டு வாங்க" என்பதோடு சரி.

சமூக உரிமை கேட்கும் மனுப் படிவமான படிவம் 'பி' நிரப்பிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அப்புறம், கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் கட்டாயம். எங்கள் ஊரில் கையெழுத்துக்கு மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். இதை எங்காவது மாற்றியிருக்கிறீர்களா?