ரத்தக்குழாய் அடைக்கும் பசை: கலக்கும் மேசையில் எங்கே பிசகுகிறது?

இன்டர்வென்ஷன் டாக்டர்:
ரத்தக்குழாயை அடைக்கச் செலுத்தும் திரவப் பசையான என்பிசிஏவை இறுக வைப்பது ரத்தத்தில் உள்ள அயனிகள். சலைனிலும் (உப்புநீர்) அவை உண்டு, அதனால் ஒரு துளி சலைன் பட்டாலே பசை கெட்டுவிடும். தனி மேசை, புது கையுறை, புது சிரிஞ்ச், கழுவ 5% டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்). பசை செலுத்தும் மெல்லிய குழாயான மைக்ரோகத்தீட்டரின் உள்கொள்ளளவை உறையில் பார்த்து, அதற்கு மேலேயே டெக்ஸ்ட்ரோஸ் விட்டுக் கழுவுங்கள். முனையோடு, சிரிஞ்ச் பொருந்தும் பின்பகுதியான ஹப்பையும் கழுவ வேண்டும். கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் ரத்தக்குழாயைக் காட்டும் மருந்து) தங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

விகிதத்தை ரத்த ஓட்டம்தான் தீர்மானிக்கிறது. வேகமாக ஓடும் ஃபிஸ்டுலாவுக்கு (தமனியும் சிரையும் நேரடியாக இணைந்த இடம்) பசையும் லிபியோடாலும் (எக்ஸ்ரேயில் தெரியும் எண்ணெய்) 1:1, சில சமயம் பசை அதைவிடக் கூடுதல். ஓட்டம் மெதுவாக இருந்து பசை தூரம் போக வேண்டுமானால் 1:3, 1:4. லிபியோடால் கூடினால் இறுக நேரமாகும், ஆனால் கலவை தடிப்பதால் தள்ளுவதும் சிரமம். "நீர்த்தால் சுலபமாகப் போகும்" என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

கேத் லேப் டெக்னீஷியன்:
சிரிஞ்சையும் கவனியுங்கள். பாலிகார்பனேட் சிரிஞ்சும் ஸ்டாப்காக்கும் (குழாய்களை இணைக்கும் திருகு வால்வு) இந்தக் கலவையில் விரிசல் விடும். பாலிப்ரொப்பிலீன்தான் எடுக்க வேண்டும். டாக்டர் தயார் என்று சொன்ன பிறகு கலந்தால் போதும். முன்கூட்டியே கலந்து வைப்பது வீண்.

இன்டர்வென்ஷன் டாக்டர்:
ஆமாம். செலுத்தும்போது பசை முனையைத் தாண்டிப் பின்னால் வருவது தெரிந்தால் நிறுத்திவிட்டு, சிரிஞ்சை லேசாக உறிஞ்சி, கத்தீட்டரைச் சட்டென்று இழுத்துவிட வேண்டும். ஒரு நொடி தயங்கினால் முனை ரத்தக்குழாயோடு ஒட்டிக்கொள்ளும்.

நரம்பியல் இன்டர்வென்ஷன் டாக்டர்:
ரத்தக்குழாயை அடைக்கும் இன்னொரு திரவமான ஓனிக்ஸின் குணமே வேறு, அது ஒட்டாது. அதிலுள்ள டிஎம்எஸ்ஓ கரைப்பான் ரத்தத்தில் கரைந்து விலக, பாலிமர் வெளியிலிருந்து உள்ளே கெட்டியாகும். குப்பியை ஷேக்கரில் 20 நிமிடம் குலுக்கியே ஆக வேண்டும். குறைத்தால், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சேர்த்த டாண்டலம் உலோகத் தூள் அடியில் தங்கி, திரையில் கலவை மங்கும். மங்கியதைப் பார்க்காமல் தள்ளுவதுதான் பெரிய ஆபத்து.

டிஎம்எஸ்ஓ தாங்கும் கத்தீட்டரை மட்டும் எடுங்கள். உள்கொள்ளளவை டிஎம்எஸ்ஓவால் நிரப்பிவிட்டு, ஓனிக்ஸை நிமிடத்துக்கு 0.16 மில்லி அளவில் மெதுவாக விடுங்கள். வேகம் கூடினால் ரத்தக்குழாய் இறுகிச் சுருங்கும், சுவர் புண்ணாகும். ரிஃப்ளக்ஸ் (முனையைத் தாண்டிப் பின்னால் வருவது) 1 செ.மீ. தாண்டக் கூடாது. முதலில் முனையைச் சுற்றி ஓர் அடைப்பு உருவாகட்டும், பிறகு கலவை முன்னேறும். இடையில் நிறுத்தலாம், ஆனால் 2 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், கத்தீட்டருக்குள்ளேயே இறுகிவிடும். வாடை பற்றி வார்டு நர்ஸிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நோயாளியின் மூச்சில் ஓரிரு நாள் பூண்டு நெடி இருக்கும்.

எண்டோஸ்கோபி டாக்டர்:
இரைப்பை வேரிசஸில் (புடைத்த சிரைகள்) 0.5 மில்லி என்பிசிஏ பசைக்கு 0.8 மில்லி லிபியோடால் பழகிய கணக்கு. லிபியோடால் மிகுந்தால் இறுகும் முன்பே பசை நுரையீரல் வரை ஓடும். மிகக் குறைந்தால் ஊசி உள்ளேயே சிக்கும். ஊசிக்குழாயில் நிற்கும் பசையைக் காய்ச்சி வடிகட்டிய நீரால் தள்ளி முடித்த பிறகே ஊசியை எடுக்கவும். அப்போது ஸ்கோப்பின் சக்ஷனை (உறிஞ்சும் பொத்தான்) தொடாதீர்கள். சேனல் அடைத்தால் ஸ்கோப்பே போய்விடும்.