சிங்குலம்: கச்சையா, திண்டா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

கோரைப்பல்லின் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் குழுவின் இந்த உரையாடல் இழை மூன்று நாளாகச் சிங்குலம் (cingulum) என்ற ஒரே சொல்லில் நிற்கிறது; பல்லின் பின்பக்கம் ஈறை ஒட்டியிருக்கும் மேட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. ஐயா ஒருவர் ‘கச்சை’ என்றார். தஞ்சாவூரிலிருந்து எழுதும் ஆசிரியை அம்மா ‘புடைப்பு’ போதும் என்றார். தம்பி ஒருவர் சிங்குலம் என்றே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். நான் கும்பகோணத்தில் பல் மருத்துவம் பார்ப்பவன். தினமும் என் கண்ணாடியும் கருவியும் படுகிற இடம் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இதைப் படித்துக்கொண்டே உங்கள் மேல் கோரைப்பல்லின் பின்பக்கத்தை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். ஈறை ஒட்டி வழுவழுவென்று ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் சிங்குலம். தாடைக்குள் இந்தப் பல் உருவாகும்போது நான்கு மடல்களாக வளர்ந்து ஒன்றாகிறது. முன்பக்கத்துக்கு மூன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. பின்னால் இருக்கும் அந்த ஒற்றை மடல்தான் இப்படி மேடாக நிற்கிறது. முன்பற்கள் எல்லாவற்றிலும் இது உண்டு என்றாலும், மேல் கோரைப்பல்லில்தான் நன்றாகத் திரண்டிருக்கும்.

கச்சை என்பது லத்தீன் மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு. சிங்குலம் என்றால் இடுப்பில் கட்டும் வார். ஆனால் கச்சை என்று கேட்டதும் பல்லைச் சுற்றிவரும் ஒரு பட்டையைத்தான் மனம் தேடும். நம் பல்லில் அப்படி எதுவும் இல்லை. பழைய பாலூட்டிகளின் புதைபடிவப் பற்களில் அடியைச் சுற்றி விளிம்பு போல ஒன்று ஓடுவதுண்டு. அதைப் படிப்பவர்களுக்குக் கச்சை நன்றாகப் பொருந்தும், அவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். என் முன்னால் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் இருப்பது மேடு. லத்தீன்காரர் எதைப் பார்த்துப் பெயர் வைத்தார் என்பதைவிட, நம் மாணவர் எதைப் பார்க்கப்போகிறார் என்பதே எனக்குப் பெரிது.

பல் மருத்துவம் படிக்கிறவர்கள் முதல் ஆண்டிலேயே மெழுகுக் கட்டியில் பல் செதுக்குவார்கள். நானும் செதுக்கியிருக்கிறேன். கோரைப்பல்லின் பின்பக்கம் வரும்போது, கூர்முனையிலிருந்து கத்தியை இறக்கி இரண்டு பக்கமும் குழி வாங்குவோம். ஈறுப்பக்கம் நெருங்கும்போது கையை நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே மெழுகை எடுக்காமல் விட்டதுதான் சிங்குலம். எதையும் சுற்றிக் கட்டியதில்லை, ஒட்டியதும் இல்லை. பின்னாளில் சுவாமிமலையில் ஸ்தபதி ஒருவர் மெழுகில் சிலையின் தோளைத் திரட்டுவதைப் பார்த்தபோது அந்த வகுப்பு நினைவுக்கு வந்தது. அங்கே மெழுகின் மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி ஓட்டி, வெண்கலத்தை ஊற்றுகிறார்கள். உலோகப் பல் உறை வார்ப்பதற்கும் அடிப்படை அதே மெழுகு வேலைதான்.

சரி, புடைப்பு? தவறான சொல் இல்லை. ஆனால் பல்லில் புடைத்திருப்பது இது ஒன்றுதானா? முன்பக்கம் நடுவில் ஒரு முகடு இருக்கிறது. மேல் கோரைப்பல்லின் வேர் தாடை எலும்பையே வெளியே தள்ளி, மூக்கின் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் மேடாக நிற்கிறது. புடைப்பு என்று சொன்னால் எதைச் சொல்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டிவரும். பொதுச்சொல்லாகவே அது இருக்கட்டும்.

நான் முன்வைப்பது ‘திண்டு’.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் திண்ணையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். திண்ணையின் ஒரு கோடியில் சுவரை ஒட்டிச் சரிவாக ஒரு மேடு கட்டி, வழவழவென்று பூசியிருப்பார்கள். மதியம் தலைவைத்துப் படுக்க, சாய்ந்து பேச அதுதான் திண்டு. சிங்குலத்தின் வடிவமும் அதேதான்: அடியில் பருத்து, மேலே போகப் போகச் சரிந்து தளத்தோடு கலந்துவிடும்.

வேலையிலும் பொருத்தம் இருக்கிறது. பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவருக்குப் போன வருடம் கழற்றி மாட்டும் பல்செட் செய்தேன். கடைவாய்ப் பற்கள் போய்விட்டன, மேல் கோரைப்பற்கள் இரண்டும் உறுதியாக இருந்தன. செட்டின் உலோகச் சட்டம் ஈறில் அழுந்தாமல் இருக்க, கோரைப்பல்லின் சிங்குலத்தில் சின்னதாக ஒரு படி வெட்டி, சட்டத்தின் நாக்கு அதில் உட்காரும்படி செய்வோம். சோற்றை மெல்லும் பாரம் பல் வழியாக எலும்புக்குப் போய்விடும். அவரிடம், “ஐயா, செட்டு சாய்ஞ்சுக்க உங்க பல்லுலயே ஒரு திண்டு இருக்கு, அதுல உக்கார வெச்சிருக்கேன்” என்றேன். நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, “ஆமா தம்பி, இருக்கு” என்றார். கச்சை என்று சொல்லியிருந்தால் இந்தப் பேச்சே நடந்திருக்காது.

திண்டு என்றால் தலையணைதானே, குழப்பாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். முதுகுத்தண்டு என்கிறோம், காதுமடல் என்கிறோம், முழங்கால் சில்லு என்கிறோம். தண்டும் மடலும் செடியிலிருந்து வந்தவை, சில்லு உடைந்த பானையிலிருந்து வந்தது. யாரும் குழம்பவில்லை. கூட்டுச்சொல்லுக்கும் திண்டு வளைந்து கொடுக்கிறது: நான் மேலே சொன்ன உலோக நாக்கு ‘திண்டுத்தாங்கி’, பக்கத்து வெட்டுப்பல்லில் அடிக்கடி சொத்தை விழும் சின்னப் பள்ளம் ‘திண்டுக்குழி’. இதையே சிங்குலத்தில் சொல்லிப் பாருங்கள் தம்பி, நாக்கு இடறும்.

திண்டு நிலைத்தால் பின்பக்கத்தின் மற்ற பெயர்களும் எளிதாகிவிடும். இரண்டு ஓரத்திலும் உயர்ந்து ஓடுபவை ‘ஓர வரப்பு’. கூர்முனையிலிருந்து திண்டுவரை இறங்குவது ‘நடு வரப்பு’. இடையில் கிடக்கும் ஆழமில்லாத இரண்டும் ‘தாழ்வு’. மேல் கோரைப்பல்லைத் திருப்பிப் பார்த்தால் வரப்பு போட்ட இரண்டு சின்ன வயல் மாதிரியே இருக்கும். கீழ்ப் பல்லில் இந்த வரப்பெல்லாம் மழுங்கித் தட்டையாகிவிடும், திண்டும் சிறியது.

நீளம் பற்றிக் கேட்ட சகோதரிக்கு: மேல் கோரைப்பல்லில் வெளியே தெரியும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர், வேர் சுமார் 17. வாயிலேயே நீளமான வேர் இதற்குத்தான். கீழ்ப் பல்லில் சுமார் 11, 16. கோரை என்ற பெயர் எப்படி வந்தது என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. ஆனால் வயலில் கோரை பிடுங்கியவர்களிடம் இந்த வேரைப் பற்றிச் சொன்னால், “மேல இழுத்தா தாள்தான் வரும், கிழங்கு அடியில கிடக்கும்” என்று தலையாட்டுகிறார்கள்.

அப்புறம், மீசியல், டிஸ்டல் இரண்டுக்கும் இதுவரை யாரும் சொல் தரவில்லை. பல்வரிசையின் நடுக்கோட்டை நோக்கிய பக்கம் மீசியல், கடைவாயை நோக்கியது டிஸ்டல். தலைமடை, கடைமடை என்று எழுத முதலில் ஆசைப்பட்டேன். வாய்க்கால் வழியே வயல்கள் வரிசையாக இருப்பது போலத்தான் பற்களும் இருக்கின்றன. ஆனால் ‘தலை’ என்றதும் மண்டைப்பக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் ‘நடுப்புறம்’, ‘கடைப்புறம்’. கடைவாயில் ‘கடை’ ஏற்கெனவே இருக்கிறது. கோரைப்பல்லின் கூர்முனையிலிருந்து இறங்கும் இரண்டு சரிவுகளில் நடுப்புறச் சரிவு குட்டை, கடைப்புறச் சரிவு நீளம். கையில் தனியாக ஒரு பல்லைக் கொடுத்தால் வலதா இடதா என்று சொல்ல உதவும் அடையாளங்களில் இது முக்கியமானது. ஆகவே இந்த இரண்டு சொல்லிலும் துளி மயக்கம் இருக்கக் கூடாது.

இலங்கை நண்பர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் பாடநூல்களில் இந்தப் பல்லுக்கு வேட்டைப்பல் என்று பெயர். அதன் பின்பக்க மேட்டுக்கு ஏதாவது சொல் புழங்குகிறதா? இருந்தால் எழுதுங்கள். அது திண்டைவிடத் தெளிவாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள எனக்கு முழுச் சம்மதம்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து