சங்குப்பூவும் அத்தான் பட்ட பாடும்

கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு எங்களுடையது. மண் என்று இருப்பது பல்கனியில் நாலு பூச்சாடிதான். ஒன்றில் சங்குப்பூ. அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த விதை. கடற்காற்றில் ரோசா கருகிப்போனது; இந்தக் கொடியோ கம்பியைப் பற்றி மேல்வீடு வரை ஏறிவிட்டது. அங்கிருக்கும் சிங்கள அக்கா 'கட்டரொளு' என்று சொல்லி அவரும் பறித்துக்கொள்வார். கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குப் போகும் நாளில் ஒரு கை பூ எங்களோடு வரும்.

போன வருடம் எங்கள் வீட்டிலும் நீலத் தேத்தண்ணி மோகம் பிடித்தது. தேயிலையே இல்லாததற்கு அந்தப் பெயர் எப்படி வந்ததோ! நாலைந்து பூவைக் கொதிநீரில் போட்டால் நல்ல நீலம், தேசிக்காய் பிழிந்தால் ஊதா. பூவிலுள்ள அந்தோசயனின் என்ற நிறப்பொருள் புளிப்புப் பட்டதும் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். ருசி? பயற்றங்காய் அவித்த தண்ணீர் மாதிரி. அவரைக் குடும்பத்துக் கொடிதானே.

பூவோடு நின்றிருந்தால் சரி. ஞாபகசக்திக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அத்தான் காய்ந்த காய்களை உடைத்து, ஒரு பிடி விதையை வறுத்துப் பொடித்துப் பாலில் கலந்து குடித்துவிட்டார். அன்றிரவு குளியலறை வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. விடியும்வரை ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுத்தோம்.

"உது பேதிக்குக் குடுக்கிற விதையெல்லோ! வேர் எண்டால் இன்னும் மோசம். பரியாரியார் அளந்துதான் குடுப்பார்," என்று அம்மம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் சொன்னது சரி. சித்த மருத்துவத்தில் இதன் விதையும் வேரும் பேதி மருந்து. வேர் சிறுநீரையும் பெருக்கும். ஞாபகசக்திக் கதையில் பெயர்க் குழப்பமும் இருக்கிறது. ஆயுர்வேதத்தில் 'சங்கபுஷ்பி' என்று வட இந்தியாவில் பெரும்பாலும் எடுப்பது நிலத்தோடு படரும் வேறொரு செடியை. எங்கள் கொடியின் வேர்ச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்து ஞாபகத்தைச் சோதித்த ஆய்வுகள் உண்டு. ஆனால் அத்தான் எலி இல்லை, குடித்ததும் வேர் இல்லை.

பூ இப்போதும் பறிக்கிறோம். காய் மட்டும் முற்ற விடுவதில்லை. தட்டையாக, பச்சையாக, பார்க்கப் பயறு மாதிரியே இருக்கும். என் அக்காவின் சின்னவன் கைக்கு எட்டுவதையெல்லாம் வாயில் வைக்கிற வயது.