இன்சுலேஷன் – தொட்டிக்குக் காப்பா, காவலா, பொதிவா?

அனைவருக்கும் வணக்கம்.

பொரித்த எண்ணெயை பயோடீசலாக்கும் தொட்டி ஒன்றை என் வீட்டு கராஜில் கட்டி முடித்திருக்கிறேன். அதன் செய்முறையைத் தமிழில், கூடவே ஒரு சொற்பட்டியலோடு, எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் பத்தியில் வண்டி நின்றுவிட்டது. ‘தொட்டிக்கு இன்சுலேஷன் செய்தேன்’ என்று எழுதக் கை வரவில்லை. சூடு வெளியே போகாமல் மேலே சுற்றுவதைத்தான் சொல்கிறேன். ‘தொட்டிக்கு வெப்பக் காப்பு அளித்தேன்’ என்று எழுதிப் பார்த்தால் அரசாணை வாசிப்பது மாதிரி இருக்கிறது.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் சொல் எங்கே இடறுகிறது என்று தெரியும். நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோவில். வடிவம் நான் கண்டுபிடித்ததல்ல. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீட்டிலேயே டீசல் காய்ச்சுகிறவர்களிடம் பரவிய ‘ஆப்பிள்சீட்’ அமைப்பு, யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம். பழைய மின்சார வெந்நீர்த் தொட்டி, ஒரு பம்ப், இரும்புக் குழாய், நாலைந்து பந்து வால்வு, அவ்வளவுதான். என்னுடையது 50 காலன் தொட்டி, அதாவது 189 லிட்டர். அதில் வடிகட்டித் தண்ணீர் இறக்கிய எண்ணெய் 150 லிட்டர் ஊற்றி 55 டிகிரிக்குச் சூடாக்குகிறேன். வேறொரு மூடிய கலனில் 30 லிட்டர் மெத்தனாலில் சோடா காரத்தை (காஸ்டிக் சோடா) கரைத்து, அதை மெல்ல உள்ளே விட்டு பம்பை ஓட்ட வேண்டும். காரம் புது எண்ணெய்க்கு லிட்டருக்கு 5 கிராம் வாக்கில். பொரித்த எண்ணெய் புளித்திருக்கும் என்பதால் தரம் பார்த்து (டைட்ரேஷன், அதாவது புளிப்பை அளந்து) அதற்கேற்பக் கூட்ட வேண்டும். ஓரிரண்டு மணி நேரத்தில் கொழுப்பிலிருந்து கிளிசரின் கழன்றுவிடும், அதன் இடத்தில் மெத்தனால் உட்கார்ந்துகொள்ளும். பம்பை நிறுத்தி இரவு முழுக்க விட்டால் கிளிசரின் அடியில் தங்கும், மேலே நிற்பது டீசல்.

இதில் சூடுதான் எல்லாம். 64.7 டிகிரியில் மெத்தனால் கொதிக்கும், ஆகவே அதற்கு மேல் போகக் கூடாது. கீழே இறங்கினால் வினை மந்தமாகும். இன்னொரு தொல்லை, சோடா காரம் போட்ட கிளிசரின் 38 டிகிரிக்குக் கீழே போனால் களியாகக் கட்டிக்கொள்ளும். முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது. காலையில் அடிவால்வைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. வெந்நீரில் நனைத்த துணியை வால்வில் சுற்றிச் சுற்றி அரைநாள் போயிற்று.

வெந்நீர்த் தொட்டி என்றால் நுரை அடைத்துத்தானே வரும் என்று கேட்பீர்கள். எனக்குக் கிடைத்ததில் வெளித்தகடு துருப்பிடித்து, நுரை நனைந்து உதிர்ந்திருந்தது. உள்தொட்டி மட்டும் நன்றாக இருந்ததால் மற்றதை உரித்து எறிந்தேன். வெறும் தொட்டியோடு ஓட்டியதுதான் தவறு. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொட்டியின் மேற்பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். கராஜ் 5 டிகிரி, எண்ணெய் 55 டிகிரி. வெறும் இரும்பிலிருந்து கிட்டத்தட்ட 1000 வாட் வெளியே போகிறது, மணிக்கு 13 டிகிரி இறக்கம். ஒன்றரை மணி நேரத்தில் 38-ஐத் தொட்டுவிடும். அதே தொட்டிமேல் இரண்டு அங்குலம் கண்ணாடிப் பஞ்சு சுற்றினால் இழப்பு 75 வாட்டுக்கு இறங்குகிறது. அதாவது மணிக்கு ஒரு டிகிரி. ராத்திரி முழுக்க 38-க்கு மேலேயே நிற்கும்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இதை அங்கே வீட்டில் முயல வேண்டாம். மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் அங்கே 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் நடந்ததைப் பார்த்தவர்கள் அந்தக் கெடுபிடியைக் குறை சொல்ல மாட்டார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இந்த மாதிரித் தொட்டியை ஆங்கிலத்தில் ப்ராசஸர் என்பார்கள். அதற்கு ‘செயலி’ என்று போட்டால் படிப்பவர் கைபேசியைத் தேடுவார். ‘வினைக்கலம்’ என்று வைத்துவிட்டேன், அதில் சண்டை வராது என்று நினைக்கிறேன். இன்சுலேஷன்தான் சிக்கல். பாடநூலில் ‘வெப்பக் காப்பு’ இருக்கிறது. பெயராக நன்றாகத்தான் இருக்கிறது, வினையாக்கத்தான் வரவில்லை. காப்பு அளித்தேன், காப்பு செய்தேன், காப்பிட்டேன்... கடைசியில் சொன்னதைக் கேட்டால் தொட்டிக்கு வளையல் போட்டதுபோல் இருக்கிறது.

என் முன்மொழிவு: பொதிதல். ‘தொட்டியைப் பொதிந்தேன்’, ‘குழாயைப் பொதியவில்லை, அதனால் ஆறிவிட்டது’, ‘பொதிந்த கலம்’. சோற்றை இலையில் பொதிந்தால் சூடு நிற்கிறதல்லவா, அதே வேலைதான் இதுவும். மேலே சுற்றும் அடுக்குக்குப் பொதி. என்ன சொல்கிறீர்கள்?

———

யாழ்ப்பாணத்திலிருந்து:

தம்பிக்கு வணக்கம். நான் இருபத்தெட்டு வருடம் வேதியியல் படிப்பித்தவள். உங்கள் கடிதத்தில் மெத்தனால் என்று இருப்பதை மெதனோல் என்றும், தரம் பார்த்தல் என்பதை நியமிப்பு என்றும் மனத்துக்குள் மாற்றிக்கொண்டே வாசித்தேன். அது பழகிவிட்டது.

ஆனால் இன்சுலேஷனுக்குத் தமிழில் வினைச்சொல் இல்லை என்பது போல எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. இங்கே எங்கள் புத்தகங்களில் ‘காவலி’ என்று நெடுநாளாக இருக்கிறது. காவலிடல், காவலிட்ட கம்பி, காவலிடாத பாத்திரம். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் தடக்காமல் சொல்லும். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஆக்குவது எதற்கு? நாங்கள் பாவிக்கிற சொல் உங்கள் காதில் விழவில்லை என்பதற்காக அது இல்லாமல் போகாது.

பொதி என்ற சொல்லில் எனக்கு வருத்தமில்லை. கடையில் சோற்றுப் பொதி வாங்குகிற ஊர்தான் எங்களுடையது. ஆனால் அது சமையலறைச் சொல். அதைக் கலைச்சொல்லாக ஏற்றுக்கொள்ளச் சொன்னால் காரணம் வேண்டும்.

———

திருப்பூரிலிருந்து:

அண்ணா, வணக்கம்ங்க. சாயப்பட்டறையில் பாய்லரும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரும் (எண்ணெயைச் சூடாக்கிக் குழாயில் ஓட்டுவது) பார்க்கிறேன். நாங்கள் சொல்வது ‘லேக்கிங்’. மேலே போடுகிற அலுமினியத் தகட்டுக்கு ‘கிளாடிங்’. இரண்டும் இரண்டு வேலை, இரண்டும் வேறு வேறு ஆள் செய்வது. ஒரே சொல்லில் அடக்கிவிடாதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கண்ணாடிப் பஞ்சு சுற்றியிருப்பது எண்ணெய்த் தொட்டியில். பம்ப் சீல், யூனியன் (கழற்றக்கூடிய குழாய் இணைப்பு), வால்வு, எங்கே கசிந்தாலும் பஞ்சு குடித்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. குடித்த எண்ணெய் பஞ்சுக்குள்ளே பரந்து காற்றோடு சேர்ந்து தானாகச் சூடேறும், அந்தச் சூடு வெளியே போக வழி இருக்காது. எங்கள் லைனில் ஃப்ளூயிட் 250 டிகிரியில் ஓடுவதால் ஃப்ளேஞ்ச் (போல்ட் போட்ட குழாய் மூட்டு) பக்கத்தில் லேக்கிங் புகைவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது 55தான், இருந்தாலும் சமையல் எண்ணெய் லேசுப்பட்டதல்ல. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே பற்றும் என்பது எந்தப் பட்டறையிலும் தெரிந்த விஷயம். இணைப்பு இருக்கிற இடங்களில் சுற்றாமல் விடுங்கள். கசிந்தால் கண்ணில் பட வேண்டும்.

———

மீண்டும் நான், ஒன்டாரியோவிலிருந்து:

திருப்பூர்த் தம்பிக்கு முதல் நன்றி. நேற்றே கத்தியை எடுத்து பம்ப், வால்வு, ஹீட்டர் மூடி எல்லாவற்றையும் சுற்றி ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டேன். ஒரு யூனியனுக்குக் கீழே பஞ்சு உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகி நனைந்திருந்தது. வெளியே ஒரு அடையாளமும் இல்லை.

வெளித்தகடு அலுமினியத்தில் வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறேன். காரம் கலந்த மெத்தனால் சொட்டினால் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் விடும். பளபள அலுமினியக் குமிழித் தாளை வாங்கி வைத்திருந்தேன், அதையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. தெர்மோகோல் போடலாமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். போடலாம், ஆனால் பயோடீசல் பட்ட இடம் சர்க்கரை மாதிரி கரைந்து போகும். கடைசியில் சாதாரண இரும்புத் தகடு, பெயின்ட் அடித்து.

டீச்சருக்கு: நீங்கள் சொன்னதில் பாதியை மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்கிறேன். காவலிடல் எனக்குத் தெரியாமல் இருந்தது என் குறைதான். தமிழில் வினை இல்லை என்ற தொனியில் எழுதியது தவறு. ஆனால் நீங்கள் கேட்ட காரணம் இந்தத் தொட்டியிலேயே இருக்கிறது. கேளுங்கள்.

மெத்தனால் ஆவி 11 டிகிரியிலேயே பற்றக்கூடியது. பம்ப் ஓடும்போது திரவம் குழாயில் உரசி நிலைமின்னேற்றம் சேரும். அதனால் தொட்டி, பம்ப், மெத்தனால் கலன் மூன்றையும் செப்புக் கம்பியால் பிணைத்து எர்த் செய்திருக்கிறேன். அதாவது இந்தத் தொட்டியிலிருந்து சூடு வெளியே போகக் கூடாது, மின்சாரம் கட்டாயம் போக வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இன்சுலேஷன்தான். காவலி என்றாலும் காப்பு என்றாலும் நாமும் அதே குழப்பத்தைக் கூலியில்லாமல் இறக்குமதி செய்கிறோம். ‘கலத்தை முழுவதும் காவலிடவும்’ என்று நான் எழுதி, அதை ஒருவர் கம்பிக்காவலாகப் புரிந்துகொண்டு தொட்டியை ரப்பர் பாய்மேல் தூக்கி வைத்து எர்த்தைக் கழற்றினால்? ‘வெப்பக் காவலி’ என்று முன்னொட்டுப் போட்டால் தீரும் என்பீர்கள். காகிதத்தில் தீரும். வேலை செய்யும் இடத்தில் முன்னொட்டுதான் முதலில் உதிரும்.

ஆகவே மின்சாரத்துக்குக் காவலியும் காப்பும் அப்படியே இருக்கட்டும். சூட்டுக்கு மட்டும் தனிச்சொல் கேட்கிறேன். பொதிந்த தொட்டியை எர்த் செய்யலாமா என்று யாருக்கும் ஐயம் வராது. சமையலறைச் சொல் என்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. இங்கே மாசி மாதம் இட்லி மாவு பொங்குவதற்கு ஓவனுக்குள் விளக்கைப் போட்டு, பாத்திரத்தைப் போர்வையில் பொதிந்து வைக்கிற வீடுகளில் இதைவிடப் பொருத்தமான சொல்லை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வெளித்தகட்டுக்கு ‘சட்டை’ என்று எழுதப்போகிறேன். பொதியின் மேல் தகட்டுச் சட்டை. பாம்பு உரிப்பதும் சட்டைதான், தேவையானபோது கழற்றலாம் என்பதும் அதில் வந்துவிடுகிறது.

———

யாழ்ப்பாணத்திலிருந்து:

எர்த் விஷயம் நியாயம். அதை வாசித்த பிறகு காவலி என்று அடித்துச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொற்பட்டியலில் போடும்போது பக்கத்திலேயே ‘இலங்கை வழக்கு: வெப்பக் காவலி’ என்று போடுங்கள். எங்கள் பிள்ளைகள் தேடி வந்தால் அகப்பட வேண்டும்.

———

திருப்பூரிலிருந்து:

அண்ணா, உங்கள் சொல்லை இன்று ஷிப்டில் ஓட்டிப் பார்த்தேன். ஹெல்ப்பர் பையனிடம் “ரெண்டாவது ஃப்ளேஞ்ச்ல பொதி நனைஞ்சிருக்கான்னு பாரு” என்றேன். “எந்த மூட்டைங்ண்ணா?” என்று சாயப்பொடி மூட்டைப் பக்கம் போய்விட்டான். இங்கே பொதி என்றால் கழுதை சுமப்பது. ‘பொதிவு’ என்று மாற்றினால் ஒருவேளை தப்பிக்கும்.

நான் கையால் காட்டியதும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: “கம்பளி நல்லா காஞ்சிதான் இருக்குதுங்ண்ணா.”

அந்தச் சொல்லை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டியலில் போடுவீர்களா?

———

மீண்டும் நான்:

போட்டாயிற்று. பொதுச்சொல் பொதிவு, பஞ்சு வகைக்குக் கம்பளி, தகட்டுக்குச் சட்டை, பக்கத்தில் டீச்சர் கேட்ட வெப்பக் காவலியும். நுரை வகைக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. அந்தப் பையனிடம் ஒரு துண்டு நுரையைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்களேன்.