தேசி மரங்களுக்கிடையே கச்சான்: இலைகள் மஞ்சளாகின்றன, உதவி தேவை

விசுவமடுக் கமக்காரன்:
வணக்கம். ஒரு ஏக்கரில் தேசி (எலுமிச்சை) வைத்திருக்கிறேன். மரங்களுக்கு மூன்று வயது. இடைநிலம் சும்மா கிடக்கிறதே என்று இம்முறை மாரியில் கச்சான் (நிலக்கடலை) விதைத்தோம். கச்சான் நன்றாகவே விளைந்தது. ஆனால், அதைப் பிடுங்கிய பின்னர் தேசி இலைகள் மஞ்சளாகிக்கொண்டே வருகின்றன. கச்சான் நிலத்துக்கு நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? என்ன உரம் போடலாம் என்பதை விரைவாகச் சொல்லுங்கள்.

மாங்குளத்தான்:
எந்த இலை மஞ்சளாகிறது, தம்பி? குருத்தா, அடி இலையா? நரம்புகள் பச்சையாக நிற்கின்றனவா? நீர் குளத்திலிருந்து வருகிறதா, குழாய்க்கிணற்றிலிருந்தா?

தோட்டக்காரி:
இது நாகக் (துத்தநாகக்) குறைபாடுதான், சந்தேகமே வேண்டாம். தேசி, தோடை இனங்களுக்கு நாகம் குறைந்தால் இலை சிறுத்து, நரம்புகளுக்கிடையே மஞ்சள் படரும். நாக சல்பேற்றைக் கரைத்து இலைகளில் தெளியுங்கள்.

பழைய கை:
இங்கே ஒவ்வொரு மாரி முடிவிலும் இதே கேள்வி வருகிறது. முந்தைய உரையாடல் இழைகளைப் புரட்டிப் பார்க்க எவருக்கும் பொறுமை இல்லை. இலையின் நிலையைச் சொல்லாமல் உரத்தின் பெயரைக் கேட்பது, நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போவதற்கு ஒப்பானது. சகோதரி நோயாளியைப் பாராமலே மருந்தும் கொடுத்துவிட்டார்.

தோட்டக்காரி:
ஐயா, பளையில் எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்தது. அந்நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண் காரமாகி, நாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமற் போகும். இதைக் கண்ணால் கண்டுதான் எழுதுகிறேன்.

பழைய கை:
பளைக்கு அது பொருந்தும். பளையின் சுண்ணாம்புக் கல்லை விசுவமடு இருக்கும் வன்னி முழுவதற்கும் சுமத்த வேண்டாம். வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் கருங்கற்பாறையில் தோண்டப்பட்டவை. மேலும், இரும்பும் நாகமும் குறைந்தால் இளம் இலைகளே முதலில் காட்டும். நைதரசனும் மகனீசியமும் குறைந்தால் மரம் அவற்றை முதிர்ந்த இலையிலிருந்து குருத்துக்கு நகர்த்துவதால் அடி இலைதான் முதலில் வெளிறும். மாங்குளத்தாரின் கேள்விக்கு விடை வராமல் மேலே பேசுவது வீண்.

விசுவமடுக் கமக்காரன்:
அடி இலைகள்தான். நரம்போடு சேர்ந்து முழுவதும் வெளிறிவிட்டன. குருத்து பச்சையாக இருக்கிறது, ஆனால் சிறியது. குழாய்க்கிணற்று நீர். கச்சானுக்கு இரண்டு தடவை யூரியா போட்டேன். கொடியை மாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டோம்.

மாங்குளத்தான்:
அப்படியானால் நைதரசன் குறைபாடாகவே தெரிகிறது. கச்சான் காற்றிலுள்ள நைதரசனை வேர்ச்சிறுகணுக்களில் (வேரிலுள்ள சிறு முடிச்சுகளில்) நிலைப்படுத்துவது உண்மைதான். ஆனால் அதிற் பெரும்பகுதி விதைக்கும் கொடிக்கும் போய்விடுகிறது. விதை சந்தைக்கும் கொடி மாட்டுக்கும் போக, செடியை வேரோடு பிடுங்குவதால் கணுக்களிலும் பல அதனுடனேயே வெளியேற, நிலத்தில் மிஞ்சுவது சொற்பமே. அதிகமாக யூரியா போட்டால் செடி சோம்பிக் கணுக்களைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்த முறை பூக்கும் பருவத்தில் ஒரு செடியைத் தோண்டி, கணுவை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது, வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

இப்போதைக்கு யூரியாவைச் சிறு பங்குகளாகப் பிரித்து, தண்டின் அடியில் கொட்டாமல், கிளைகளின் நுனி நிழல் விழும் வட்டத்தில் இட்டு நீர் பாய்ச்சுங்கள். வேலியில் சீமைக்கிளுவை நின்றால் அதன் குழையை வெட்டி மரத்தடியில் பரப்புங்கள். வைக்கோலை மட்டும் மண்ணுக்குள் புதைக்க வேண்டாம். அது உக்கும்வரை நுண்ணுயிர்கள் இருக்கும் நைதரசனையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பழைய கை:
உழவை மறந்துவிட்டீர்கள். தேசியின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே பரவும். உழவு இயந்திரத்தைத் தண்டுவரை கொண்டுபோயிருந்தால் வேர்கள் அறுந்திருக்கும். பிறகு எந்த உரம் போட்டாலும் அதை எடுக்க வேர் வேண்டாமா? எவ்வளவு தூரம் விட்டு உழுதீர்கள்?

தோட்டக்காரி:
கொடியை விற்காமல் எல்லோராலும் இருக்க முடியாது, ஐயா. கொடிக்குப் பதிலாக மாட்டுக்காரரிடம் எருவை வாங்கிக்கொள்ளலாமே.

விசுவமடுக் கமக்காரன்:
நன்றி. மரத்துக்குக் கிட்டவாகத்தான் உழுதார்கள். யூரியா பிரித்துப் போட்டிருக்கிறேன், குருத்து வருகிறது. விவசாயப் போதனாசிரியர் மண் மாதிரி எடுத்துச் சென்றுள்ளார்.

தோட்டக்காரி:
நாகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.