வழியில் பார்த்த மனிதர்கள்: டெல்டாவிலிருந்து அனிமேஷனுக்குப் போனவர்களின் அனுபவங்கள்

(வழியில் உங்களுக்குக் கைகொடுத்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டதற்கு வந்த பதில்கள்.)

குடந்தைக்காரன் (3டி அனிமேட்டர்)

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டு 2009-இல் சென்னைக்குப் போனேன். முதல் ஒன்றரை வருடம் ரோட்டோ. நடிகரின் உருவத்தைச் சுற்றி ஃப்ரேம் ஃப்ரேமாகக் கோடு போட்டுப் பிரித்தெடுக்கிற வேலை. ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். தலைமுடி பறக்கிற ஷாட் கைக்கு வந்தால் அந்த வாரம் அதிலேயே போய்விடும். பலர் இதைக் கீழான வேலை என்பார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. ஓர் உடம்பு எப்படி அசைகிறது என்று 18 மாதம் உட்கார்ந்து உற்றுப் பார்க்க வேறு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

அப்புறம் அனிமேட்டர் வேலைக்கு டெஸ்ட் கொடுத்தார்கள். ஓர் ஆள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு அடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று முறை ரீடேக் வந்தது. "மூட்டைக்குள்ள பஞ்சு இருக்கிற மாதிரி இருக்கு" என்றார் சூப்பர்வைசர். கொள்முதல் நிலையத்துக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவன் நான். நெல் மூட்டை சுமக்கிறவர்களைப் பார்க்காத நாளே கிடையாது. எனக்கே அது வரவில்லை என்பது ரொம்ப உறுத்தியது.

அந்தச் சமயம் ஊர்த் திருவிழாவுக்கு வந்தேன். கோயில் வாசலில் பொம்மலாட்டம், அரிச்சந்திரன் கதை. இடைவேளையில் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். நம் பக்கத்துப் பொம்மைகளைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை வரை இருக்கும், எல்லாம் மரம். ஆட்டுகிறவர் தலையில் துணி சுற்றிய இரும்பு வளையம். பொம்மையின் கயிறுகள் அந்த வளையத்தில்தான் கட்டியிருக்கும். பொம்மையின் கைகளுக்கு மட்டும் தனியாகக் கம்பி, அதை மேலேயிருந்து இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவார்கள். ஆக, பொம்மையின் பாரம் முழுக்க ஆட்டுகிறவரின் கழுத்தில்.

என் வேலையைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் வளையத்தைக் கழற்றி என் தலையில் வைத்தார். நான் கம்பியைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தேன். "கையை விடுங்க தம்பி. அது கழுத்துலேர்ந்துதான் நடக்கும்" என்றார். கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தேன். கீழே பொம்மையின் தோள் முதலில் போனது, இடுப்பு அதன் பின்னால் வந்தது, பாவாடை அதற்கும் பின்னால், காதுத் தோடு கடைசியில் ஆடி நின்றது. நான் நிறுத்திய பிறகும் அந்தப் பாரம் என் கழுத்தை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் நின்றது.

அந்த இழுப்புதான் என் ஷாட்டில் இல்லாதது. சென்னைக்குத் திரும்பி, கால் தூக்குவதற்கு முன்பே இடுப்பு சுமைக்கு அடியில் நகருகிற மாதிரி மாற்றினேன். பாதம் தரையில் பட்டு மூன்று ஃப்ரேம் கழித்து மூட்டை அமுங்கும்படி வைத்தேன். ஆள் அடி எடுத்து வைத்தபோது எனக்கே கழுத்து வலித்தது. நாலாவது முறை ஓகே ஆனது.

பின்னாடி படித்ததில் தெரிந்தது: 1956-இல் டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். நம் நாட்டில் இந்தத் தொழில் முறையாக வேர்விட்டது அங்கேதான். அனிமேஷனில் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிற 'பின்தொடரும் அசைவு' (உடம்பு நின்ற பிறகும் துணியும் தோடும் ஆடி நிற்பது) எங்கள் கோயில் வாசலில் தலைமுறைகளாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆரூர்ப்பெண் (குழந்தைகள் தொடர்களுக்குக் கதை, வசனம்)

வரைகிறவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அனிமேஷனுக்கு எழுதுவதும் ஒரு வேலை என்று எனக்கு 27 வயது வரை தெரியாது. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு டப்பிங் வசனம் எழுதப் போனேன். இந்திக் கார்ட்டூன் உதடு அசைகிற நேரத்துக்குள் தமிழ் அடங்க வேண்டும். அங்கிருந்துதான் சொந்தக் கதைக்கு வந்தேன். அரை மணி நேரத் தொடர் என்றால் பெரும்பாலும் 11 நிமிடக் கதைகள் இரண்டு. முதலில் நாலு வரிக் கரு, அது தேறினால் காட்சிச் சுருக்கம், அதுவும் தேறினால்தான் முழு ஸ்கிரிப்ட்.

என் முதல் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு மும்பையிலிருந்து ஸ்டோரிபோர்டு போடுகிறவர் (கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுகிறவர்) போன் செய்தார், அவரும் தமிழர்தான். "'மனசுக்குள் நொறுங்கிப் போனான்'னு எழுதியிருக்கீங்க மேடம். நான் எதை வரையறது?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த வாரம் திருவாரூர் கோயிலுக்குப் போனேன். தேவாசிரிய மண்டபத்து மேற்கூரையில் முசுகுந்தன் கதையை ஓவியமாக வரைந்திருக்கிறார்கள், 300 வருடத்துக்கு மேல் ஆகிறது. குரங்கு முகம் கொண்ட சோழ அரசன் இந்திரனிடமிருந்து தியாகராசரை வாங்கி வருகிற கதை. சின்ன வயதில் எத்தனையோ முறை அண்ணாந்து பார்த்ததுதான். அன்றைக்கு, பக்கத்தில் ஒரு பாட்டி தன் பேரனுக்குப் படம் படமாகக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். "இங்க கேட்டான். இங்க ஏமாத்தினான். இங்க கண்டுபிடிச்சான். இங்க தூக்கிட்டுக் கெளம்பினான்." ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வினைச்சொல்! படத்துக்குக் கீழே எழுதியிருக்கிற தமிழும் ஏறக்குறைய அப்படித்தான், இன்னார் இன்னது செய்தது என்று. மனசுக்குள் என்ன நடந்தது என்று எங்கேயும் இல்லை. ஆனாலும் நமக்குத் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து 'நொறுங்கிப் போனான்' என்பதை அடித்துவிட்டு, 'பம்பரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறான்' என்று எழுதினேன்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். எபிசோடுக்கு இவ்வளவு என்று ஒரே தடவை கொடுப்பார்கள். தொடர் பத்து வருடம் மறுஒளிபரப்பானாலும் வேறு எதுவும் வராது. 2012 காப்புரிமைத் திருத்தச் சட்டம், திரையரங்குக்கு வெளியே படைப்பு பயன்படும்போது எழுத்தாளருக்குரிய ராயல்டி உரிமையை எழுதி வாங்கிவிட முடியாது என்கிறது. என் அனுபவத்தில் எந்த ஒப்பந்தமும் அதைப் பேசியதில்லை. நான் 13 எபிசோடு எழுதிய ஒரு தொடரில் என் பெயரே போடவில்லை. கேட்டதற்கு, டைட்டிலில் இடமில்லை என்றார்கள். அதுவரை இதையெல்லாம் கேட்கவே கூச்சப்பட்டிருக்கிறேன். நீங்கள் கூச்சப்படாதீர்கள். பெயர் வரும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 2023-இல் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அங்கேயே அனிமேஷன் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தம் செய்த அந்த எழுத்தாளர் சங்கத்தின் கீழ் வரமாட்டார்கள். அவர்களுக்கு அனிமேஷன் கில்டு என்று தனிச் சங்கம், 1952-இலிருந்து இருக்கிறது. நமக்கு என்று அப்படி ஒன்று அமைந்தால் முதல் ஆளாகச் சேருவேன்.

வேதாரண்யம் (ஸ்டோரிபோர்டு, ஃப்ரீலான்ஸ்)

மேலே தங்கை எழுதிய போன்கால் மாதிரி நானும் நிறையப் பேருக்குப் போன் செய்திருக்கிறேன் :)

என் ஆள் மைக்செட் கடை அண்ணன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. வீட்டு ஓடு பாதி போய்விட்டது. தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. நான் 11 நிமிட எபிசோடுக்கு இருநூற்றுச் சொச்சம் பேனல் (ஸ்டோரிபோர்டு கட்டம்) போட்டு, அவற்றைக் குரலோடு வரிசையாக ஓட்டிக் காட்டுகிற அனிமேட்டிக்கும் கட்டித் தர வேண்டும். கெடு 22-ஆம் தேதி. கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஊரே சாப்பாட்டுக்கும் தார்ப்பாய்க்கும் நிற்கும்போது, படம் வரைய வேண்டும் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அண்ணனிடம் ஜெனரேட்டர் இருந்தது. ஊர்ப் போன்களையெல்லாம் காசு வாங்காமல் சார்ஜ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வேலைதானடா, கொண்டா" என்றார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் எனக்கு. டீசல் கிடைப்பதே பாடாக இருந்த நேரம் அது. அவர் கடையில் சாய்த்து வைத்திருந்த ஸ்பீக்கர் பாக்ஸ் மேல் லேப்டாப்பை வைத்து ஐந்து ராத்திரி வரைந்தேன்.

கடைசி ராத்திரி அனிமேட்டிக்கை ஓட்டிப் பார்த்தேன். வெறும் பென்சில் கோடு, எல்லாப் பாத்திரத்துக்கும் என் குரல். சத்தம் கேட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து முகாமில் தங்கியிருந்த பிள்ளைகள். ஒரு யானை சைக்கிள் ஓட்டப் பழகுகிற கதை. அது விழுகிற இடத்தில் எல்லாம் சிரித்தார்கள். அண்ணன் ஒயரை எடுத்து லேப்டாப்பை ஸ்பீக்கரில் சொருகினார். மூன்று முறை போட்டோம்.

மறுநாள் பென் டிரைவோடு திருவாரூர் வரை பைக்கில் போய் அனுப்பினேன். பணம் இரண்டு மாதம் தள்ளி வந்தது, அது வழக்கம்தான். அண்ணனுக்கு டீசல் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. டிவியில் அந்த எபிசோடு வந்தபோது அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

மாயவரம்

சுருக்கமாக எழுதுகிறேன். 2025-இல் பெங்களூரில் நான் இருந்த ஸ்டுடியோ மூடிவிட்டது. பெரிய நிறுவனம், ஆயிரக்கணக்கானோர். மெயில் வந்த அன்று லைட்டிங் டீமில் ஓர் அக்கா, எங்கள் எல்லோரிடமும் யார் யார் எந்தப் படத்தில் எந்த ஷாட் செய்தோம் என்று கேட்டு, ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து பட்டியல் எடுத்தார். சிஸ்டத்தை மூடிவிட்டால் எங்கள் வேலைக்கு எங்களிடம் அத்தாட்சியே இருக்காது என்று அவருக்குத்தான் தோன்றியது. அந்தப் பட்டியலை வைத்துத்தான் என் ஷோரீலுக்கு (செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டுகிற வீடியோ) குறிப்பு எழுதினேன். அவர் பெயரும் அந்தப் பட்டியலில் கடைசியாக இருந்தது.

இப்போது வீட்டில் இருந்தபடி பிளெண்டரில் செய்கிறேன். காசில்லாத மென்பொருள்தான், ஆனால் அதே வருடம் மார்ச் மாதம் ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' படம் முழுக்க அதில் செய்தது. குடந்தை அண்ணா, அந்தப் பொம்மலாட்டப் பெரியவர் இன்னும் ஆடுகிறாரா?

குடந்தைக்காரன்

இருக்கிறார் தம்பி. கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, வளையம் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன்தான் ஆட்டுகிறார். பெரியவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறார். போன தை மாதம் போயிருந்தேன். மகன் ஆட்டும்போது இவர் தலை தானாகச் சாய்ந்து சாய்ந்து வருகிறது, பொம்மைக்கு அரை நொடி முன்னாடி.

அடுத்த மகாமகம் 2028-இல். அதற்குள் பெட்டியில் இருக்கிற பொம்மைகள் ஒவ்வொன்றின் நடையையும் முன்னாலும் பக்கவாட்டிலும் கேமரா வைத்துப் பதிவு செய்ய அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். இரண்டாவது கேமராவுக்கு ஆள் வேண்டும். மாயவரத்திலிருந்து ஒரு மணி நேரம்தானே, வருகிறாயா?