ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினால் பேட்டரி மிச்சமாம்! (காது மெஷின்: சார்ஜா, கழற்றி மாட்டுறதா?)

பழையரேடியோ:
நேத்து "அம்மாவுக்கு எந்தக் காது மெஷின்" இழையில் நண்பர் மூணுபன்னெண்டு ஒரு அருள்வாக்கு சொல்லியிருக்கார். "ராத்திரி பேட்டரியை வெளியே எடுத்து, அந்தப் பழுப்பு ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி வைங்க. ஒரு வாரம் வர்றது ரெண்டு வாரம் வரும். இது தெரியாதவன்தான் சார்ஜ் மெஷின் வாங்கி ஏமாறுவான்." கேள்வி கேட்டவங்க பாவம், அங்கே சண்டை வேண்டாம்னு இங்கே தனியாத் திறக்கிறேன்.

ஐயா, அது ஜிங்க்-ஏர் பேட்டரி. உள்ளே துத்தநாகம், மேலே ஊசி முனை மாதிரி துளைகள். ஸ்டிக்கரை உரிச்சதும் காத்து உள்ளே போய் வேலை ஆரம்பிக்குது. அதனாலதான் உரிச்சவுடனே மாட்டாம ரெண்டு மூணு நிமிஷம் காத்துல வைக்கச் சொல்றாங்க. ஒரு தடவை உரிச்சா உரிச்சதுதான். திரும்ப ஒட்டினாலும் நிக்காது. கறந்த பால் மடி புகாது.

மூணுபன்னெண்டு:
வாங்க சார், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். காத்துதான் அதுக்குத் தீனின்னு நீங்களே சொல்றீங்க. துளையை அடைச்சா தீனி நிக்குமா நிக்காதா? எட்டு வருஷமா 312-ங்கிற அளவு பேட்டரி போடுறேன், என் பேரே அதுதான். திரும்ப ஒட்டினா மிச்சம். அனுபவம் பேசுது.

பழையரேடியோ:
நான் இருபத்திரண்டு வருஷமா போடுறேன். 675 அளவு பேட்டரியில ஆரம்பிச்சு 13 அளவுக்கு வந்தவன். அந்த ஸ்டிக்கரோட பசை தொழிற்சாலையில ஒட்டின மாதிரி ரெண்டாவது தடவை ஒட்டாது, ஓரத்துல காத்து கசியும். அதுபோக உள்ளே இருக்கிற ஈரப்பசை வறண்ட காத்துல காயும், ஈரக் காத்துல தண்ணியை இழுக்கும். உங்க ஸ்டிக்கர் அதையெல்லாம் முழுசா நிறுத்தாது. தயாரிக்கிறவங்களே திரும்ப ஒட்டிப் பிரயோஜனம் இல்லைன்னுதான் சொல்றாங்க.

மூணுபன்னெண்டு:
தயாரிக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான், அவனுக்கு விற்கணுமே! நான் சோதனையே பண்ணியிருக்கேன். இடது காது பேட்டரிக்கு ஒட்டினேன், வலதுக்கு ஒட்டலை. வலது 8 நாள், இடது 10 நாள். முடிஞ்சுதா?

பழையரேடியோ:
முடியலை. ரெண்டு காதிலயும் ஒரே அளவு செவித்திறன் குறைவா உங்களுக்கு? எந்தப் பக்கம் ஒலியைக் கூட்டி வச்சிருக்காங்களோ அந்தப் பக்கம் சீக்கிரம் தீரும். ஃபோன் பேச்சை ஒரு காதுல மட்டும் வாங்கினா அந்தப் பக்கம் இன்னும் சீக்கிரம். அடுத்த தடவை வலதுக்கு ஒட்டி இடதுக்கு ஒட்டாம இடம் மாத்திப் பார்த்தீரா?

சில்வண்டு:
ரெண்டு பேரும் ஸ்டிக்கரைப் பிடிச்சுத் தொங்குறீங்க. தலைப்பு சார்ஜா, மாத்துறதான்னு இருக்கு. என்னோடது லித்தியம் அயான். ராத்திரி டப்பாவில வச்சா மூணு நாலு மணி நேரத்துல நிறைஞ்சிடும், காலையில போட்டா படுக்கிற வரைக்கும் கவலை இல்லை. மாத்துற காலத்துல சாவு வீட்டுல பெரியவர் ஏதோ சொல்லிக்கிட்டிருக்கும்போது காதுக்குள்ள பீப் பீப்னு அடிச்சு அடங்கிப்போச்சு. ஜிங்க்-ஏர் கடைசி வரைக்கும் ஒரே மாதிரி ஓடிட்டு பொசுக்குன்னு போயிடும், தெரியும்ல. என்கிட்ட ஸ்டிக்கரே இல்லை, எனவே சண்டையும் இல்லை.

மூணுபன்னெண்டு:
தம்பி சில்வண்டு, நாலஞ்சு வருஷத்துல அந்த லித்தியம் தளர்ந்து மத்தியானமே படுத்துடுமே, அப்ப? பல மெஷின்ல அதை நாமே மாத்த முடியாது, கம்பெனிக்கு அனுப்பணும். அதுவரைக்கும் டமாரச் செவிடா உட்கார்ந்திருப்பீங்களா? எனக்கு சட்டைப் பையில ஒரு பேட்டரி அட்டை இருந்தா போதும். மூணு நாள் கரண்ட் இல்லாட்டியும் எனக்குக் காது உண்டு. அதுவும் ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினா அந்த அட்டை ரெண்டு மாசம் வரும்.

பழையரேடியோ:
முதல் பாதி சரி. கடைசி வாக்கியத்துல மறுபடி ஸ்டிக்கர் நுழைஞ்சிடுச்சு. இடம் மாத்திப் பார்த்தீரா?

செந்தமிழ்ச்செவி:
இழைக்குத் தொடர்பில்லாததுதான், மன்னிக்கவும். "காது மெஷின்", "பேட்டரி" என்றே எல்லாரும் எழுதுகிறீர்கள். செவித்துணைக் கருவி, மின்கலம் என்ற சொற்கள் இருக்கின்றனவே?

சில்வண்டு:
சரிங்க ஐயா. மின்கலத்தின் ஒட்டுத்தாளை உரித்தபின் மீள ஒட்டினால் மிச்சமா இல்லையா? அதையும் தமிழிலேயே சொல்லிடுங்க.

செந்தமிழ்ச்செவி:
கிண்டல் வேண்டாம். போன மாதம் "காதுக் குரும்பி" என்று நான் எழுதியபோதும் இதே நக்கல். குறித்து வைத்திருக்கிறேன்.

பழையரேடியோ:
அந்தப் பஞ்சாயத்தை அந்த இழையில வச்சுக்கோங்க. எனக்கு இங்கே ஒரே கேள்விதான், அதுக்குப் பதில் வரலை.

வாசல்கோலம்:
வணக்கம், அந்த அம்மா கேள்வி கேட்டது நான்தான். அம்மாவுக்கு வயசு 78, விரல் நடுங்குது, பார்வையும் கொஞ்சம் மங்கல். மாத்திரை டப்பாவையும் பேட்டரி அட்டையையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிற பழக்கம் வேற. எது நல்லதுன்னு யாராவது சொல்லுங்களேன்.

சில்வண்டு:
கண்ணை மூடிக்கிட்டு சார்ஜ் வாங்குங்க அக்கா. 312 பேட்டரியோட உயரம் 3.6 மில்லிமீட்டர், நடுங்குற விரலுக்கு அது மிளகைப் பொறுக்குற கதை. மாத்திரைன்னு நினைச்சு விழுங்கினவங்க உண்டு, அப்படி ஆனா உடனே ஆஸ்பத்திரிதான். வீட்டுல குழந்தை இருந்தா இன்னும் கவனம்.

மூணுபன்னெண்டு:
பயமுறுத்தாதீங்க. துடைக்கிற பிரஷ் பின்னாடி காந்தம் இருக்கும், அதுல ஒட்டி எடுத்து மாட்டலாம். கொஞ்சம் பெருசா வேணும்னா ஆரஞ்சு ஸ்டிக்கர் 13 இருக்கு, நீல ஸ்டிக்கர் 675 இருக்கு. மஞ்சள் ஸ்டிக்கர் 10-தான் ரொம்பப் பொடிசு, அதைத் தவிர்த்துடுங்க. ராத்திரி ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிட்டா...

பழையரேடியோ:
விரல் நடுங்குற 78 வயசு அம்மா தினமும் ராத்திரி பேட்டரியை எடுத்து, ஸ்டிக்கரைத் தேடி, துளையைப் பார்த்து ஒட்டணுமாம்! கேட்டுக்கோங்க மக்களே.

உங்க 10 நாள் எங்கேருந்து வந்துச்சுன்னு நானே சொல்றேன். ராத்திரி பேட்டரியை வெளியே எடுக்கிறீங்க, அதனால மெஷின் மின்சாரம் இழுக்கலை. அந்த லாபத்துக்கு ஸ்டிக்கர் எதுக்கு? பேட்டரிக் கதவைத் திறந்து வச்சாலே போதும், உள்ளே இருக்கிற ஈரமும் காயும். வலது பக்கம் கதவை மூடியே வச்சிருந்தீர்னா உங்க சோதனை ஸ்டிக்கர் சோதனையே இல்லை, கதவுச் சோதனை.

மூணுபன்னெண்டு:
வலதுக்கும் கதவு திறந்துதான் இருந்துச்சு. (பெரும்பாலும்.)

பழையரேடியோ:
பெரும்பாலும்!! அடைப்புக்குறிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு பாருங்க உண்மை.

மூணுபன்னெண்டு:
சார், மல்ட்டிமீட்டர் வச்சே காட்டுறேன். ஒட்டி வச்ச பேட்டரி காலையில 1.3 வோல்ட், ராத்திரியும் 1.3. ஒண்ணும் குறையலையே? மைக் இழையிலயும் இப்படித்தான் நீங்க கடைசி வரைக்கும் ஒத்துக்கலை, ஊரே சிரிச்சுது.

பழையரேடியோ:
மைக் இழையில ஊர் யாரைப் பார்த்துச் சிரிச்சுதுன்னு போய்ப் படிங்க. ஜிங்க்-ஏர் சாகப்போற கடைசி நேரம் வரைக்கும் வோல்ட்டைச் சமமாத்தான் காட்டும், மேலே சில்வண்டு சொன்னதும் அதைத்தான். லோடு கொடுக்காம சும்மா முள்ளை வச்சு அளந்துட்டு மிச்சம்னு சொல்றது, வண்டியை நிறுத்தி வச்சுட்டு மைலேஜ் பார்க்கிற மாதிரி. முப்பது வருஷம் ரேடியோ பழுது பார்த்தவன்கிட்ட மல்ட்டிமீட்டர் கதையா?

பனித்துளி:
ஸ்டிக்கர் எல்லாம் வேண்டாம். நான் பேட்டரி அட்டையை ஃபிரிட்ஜில் வைக்கிறேன், ரொம்ப நாள் வருது.

பழையரேடியோ:
இது ஒண்ணு பாக்கி இருந்துச்சு. ஃபிரிட்ஜுல வச்சு எடுத்தா மேல ஈரம் பூக்கும், அது ஸ்டிக்கருக்கும் கேடு, துளைக்கும் கேடு. அறை வெப்பத்துல காய்ஞ்ச இடத்துல வைக்கிறதுதான் முறை.

மூணுபன்னெண்டு:
அட, ஸ்டிக்கருக்குக் கேடுன்னு நீங்களே சொல்றீங்க! அப்ப ஸ்டிக்கர் முக்கியம்தானே? ஒட்டினா மிச்சம்தானே?

பழையரேடியோ:
உரிக்காத ஸ்டிக்கர் முக்கியம்! உரிக்காதது! உரிக்காம வச்சா வருஷக்கணக்கா இருக்கும்னு யார் மறுத்தா? உரிச்சதைத் திரும்ப ஒட்டுறதைப் பத்தித்தானே விடிஞ்சதுலேருந்து பேசுறேன்?

சில்வண்டு:
சார், ரத்த அழுத்த மாத்திரை போட்டாச்சா? பேட்டரின்னு நினைச்சு காதுல மாட்டிடாதீங்க.

பழையரேடியோ:
சார்ஜ்காரர் சிரிக்க வேண்டாம். போன வாரம் டப்பாவில சரியா உட்காராம ராத்திரி முழுக்க ஏறாம விட்டுட்டு, காலையில அரை மணி நேரம் சார்ஜ் போட்டுக்கிட்டு ஆபீசுக்கு லேட்டுன்னு எழுதினது யாரு?

சில்வண்டு:
அரை மணி நேரம் போட்டதுல சாயங்காலம் வரைக்கும் ஓடிச்சுன்னும் எழுதினேனே, அதை ஏன் சார் விட்டுட்டீங்க?

வாசல்கோலம்:
எல்லாருக்கும் நன்றி. ஆடியாலஜிஸ்ட்கிட்ட ரெண்டு வகையையும் அம்மா கையில கொடுத்துப் பார்க்கச் சொல்றேன். ஸ்டிக்கர் விஷயம் அம்மாவுக்கு வேண்டாம்.

மூணுபன்னெண்டு:
உங்க விருப்பம் மேடம். ஆனா திரும்ப ஒட்டினா மிச்சம்.

செந்தமிழ்ச்செவி:
"ஆடியாலஜிஸ்ட்" அல்ல, செவியியல் வல்லுநர்.

பழையரேடியோ:
மூணுபன்னெண்டு, எட்டாவது தடவையா கேட்கிறேன். இடம் மாத்திப் பார்த்தீரா இல்லையா? ஆமா, இல்லை, ஒரு சொல் போதும்.

சில்வண்டு:
எண்ணிப் பார்த்தேன் சார், மூணாவது தடவைதான்.

மூணுபன்னெண்டு:
இப்ப ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு இருக்கேன், தொந்தரவு பண்ணாதீங்க.